ஆள் ஏறாத தண்டவாளம் எதற்கு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். வகுப்பில் பின்பெஞ்சில் தூங்கியவர்களையே நான் எழுப்பியதில்லை, உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் மகன் ஒரு செய்தி போட்டிருந்தான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் திட்டம். அதில் பூமிக்கு அடியில் ரயில் திரும்ப, ஒதுங்க, பாதை மாற என்று ஆள் ஏறி இறங்காத இடத்திலெல்லாம் தண்டவாளம் போடுகிறார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கீழே அவன் எழுதியது இது: “தண்டவாளம்னு பேரு வச்சது சரிதான் அத்தை, எல்லாம் தண்டச் செலவு. அந்தக் காசுக்கு நம்ம ஆத்துல இன்னொரு பாலம் கட்டலாம்லா?” அதற்கு எத்தனை கைதட்டல், எத்தனை சிரிப்புப் பொம்மை! என் தங்கை கூட ஒரு பூங்கொத்து போட்டிருந்தாள்.

நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் பதில் எழுதினால் சண்டையில்தான் முடியும். ஆனால் நாலு நாளாக மனசு கேட்கவில்லை. ஏனென்றால் அவன் கேட்ட பாலமும், அவன் தண்டம் என்று சொன்ன தண்டவாளமும் ஒரே பொருள்தான்.

உங்களில் பலருக்கு என் அப்பாவைத் தெரியாது. திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றை ஒன்று தாண்ட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்க வைப்பது அப்பா வேலை. கையில் சிவப்பு பச்சைக் கண்ணாடி வைத்த லாந்தர், இடுப்பில் சாவிக்கொத்து. லீவு நாளில் சோற்றுத் தூக்குவாளி கொண்டுபோகும்போது என்னையும் கிட்டத்தில் நிறுத்திக் காட்டுவார். நெட்டுக்குப் போகும் தண்டவாளத்தோடு ஒட்டி, முனை சீவிய பென்சில் மாதிரி ஒரு தண்டவாளம் படுத்திருக்கும். அதற்கு நாக்கு என்று பேர். நெம்புகோலை இழுத்தால் நாக்கு ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் விலகும். வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த நாக்குதான் தீர்மானிக்கிறது.

“இந்த இடுக்குல ஒரு சின்னக் கல்லு கிடந்தாப் போதும்ளா, நாக்கு ஒட்டாது. ஒட்டாத நாக்குக்கு மேல வண்டிய விட்டா அம்புட்டுதான்” என்பார். பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது: இன்றும் இந்திய ரயில்வேயில் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புத் துண்டை வைத்துச் சோதிக்கிறார்கள். அப்படி வைத்தபிறகும் பாயிண்ட் பூட்டிக்கொண்டால் அது கெட்டுப்போன பாயிண்ட். 5 மில்லிமீட்டர் என்பது உங்கள் ஸ்கேலில் ஐந்து கோடு. அவ்வளவுதான் இடைவெளி, உயிருக்கும் சாவுக்கும்.

இனி பூமிக்கு அடியில் போவோம்.

தரைக்கு மேலே ஒரு பாயிண்ட் வைப்பது எளிது. பக்கத்தில் நிலம் இருக்கிறது, ஜல்லி கொட்டலாம், கட்டை போடலாம். சுரங்கத்தில் அப்படி இல்லை. சென்னையில் மண்ணுக்குள் குடைந்து போகும் எந்திரம் உருண்டையான குழாயாகத்தான் துளைக்கும். குறுக்களவு ஏறக்குறைய ஆறு மீட்டர். ஒரு குழாயில் ஒரே ஒரு தண்டவாளம். போவதற்கு ஒரு குழாய், வருவதற்கு ஒரு குழாய், நடுவில் மண். போகும் பாதையிலிருந்து வரும் பாதைக்கு வண்டி மாற வேண்டுமென்றால் இரண்டு குழாயும் சேரும்படி ஒரு பெரிய அறை வேண்டும். அதற்கு மேலிருந்து பள்ளம் தோண்டி, சுவர் எழுப்பி, மூடி போட வேண்டும். அதனால்தான் இந்த மாற்றுப் பாதைகளைப் பெரும்பாலும் ஸ்டேஷனை ஒட்டியே வைக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு எப்படியும் பள்ளம் தோண்டத்தானே வேண்டும், அதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறார்கள்.

என் மகள் ஷெனாய் நகரில் இருக்கிறாள். அங்கே போகும்போதெல்லாம் பேரனோடு மெட்ரோவில் சென்ட்ரல் வரைக்கும் சும்மாவே ஒரு சுற்றுப் போய் வருவேன். ஜன்னலுக்கு வெளியே இருட்டுச் சுவர் ஒட்டியே வந்துகொண்டிருக்கும். சில இடத்தில் சுவர் திடீரென்று விலகி, தூண்களும் பக்கத்துத் தண்டவாளமும் தெரியும். காலடியில் “கடக் கடக்” என்று ஒரு சத்தம், லேசாக ஒரு ஆட்டம். “ஆச்சி, என்னது?” என்றான். “ஒங்க பூட்டன் வேலை பார்த்த இடம்ல” என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த தடவை நீங்களும் கவனியுங்கள்.

இந்தப் பாயிண்ட்களில் பல தினுசு உண்டு. ஒரு பாதையிலிருந்து பக்கத்துப் பாதைக்குச் சாய்வாகப் போவது ஒன்று. இரண்டு சாய்வும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எக்ஸ் மாதிரி கிடப்பதைக் கத்திரிக்கோல் என்றே சொல்கிறார்கள். இரண்டு பாதைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டு, பழுதான வண்டியைத் தள்ளி ஒதுக்கி வைப்பதும் உண்டு. அதற்குப் பாக்கெட் டிராக் என்று பேர், சட்டைப்பைதான். ஒன்றிலும் ஒரு பயணியும் ஏற மாட்டார், இறங்க மாட்டார்.

இது இல்லாமலே ரயில் ஓட்ட முடியாதா? முடியும். ஓட்டியும் காட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1896-இல் ஒரு சுரங்க ரயில் திறந்தார்கள். ஊரைச் சுற்றி வட்டமாக இரண்டு பாதை, ஒன்று வலம், ஒன்று இடம். ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. பழுது பார்க்க வேண்டுமென்றால் பணிமனைக்குக் கீழே வண்டி வந்து நிற்கும். மேலே கிரேன் வைத்துப் பெட்டியைக் கிணற்றிலிருந்து வாளி இறைக்கிற மாதிரி தூக்குவார்கள். முடிந்ததும் மறுபடி இறக்குவார்கள். எண்பது வருஷம் இப்படியே ஓட்டினார்கள்! 1977-இல் மூடி, எல்லாவற்றையும் புதுப்பித்து 1980-இல் திறந்தபோதுதான் பணிமனைக்குச் சாய்வுப் பாதையும் பாயிண்ட்டும் வந்தன. லண்டனில் 1898-இல் திறந்த வாட்டர்லூ அண்ட் சிட்டி பாதைக்கு இன்றைக்கும் மற்ற எந்தப் பாதையோடும் தொடர்பு இல்லை. பெரிய பழுது என்றால் அங்கேயும் கிரேன்தான்.

“பார்த்தீங்களா அத்தை, இல்லாமலே நடந்திருக்கு” என்பான் என் மருமகன். நடந்தது, சரி. ஆனால் கிளாஸ்கோ வட்டம் சிறியது, பத்து கிலோமீட்டர் சொச்சம். சென்னையில் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் போகும் பாதை மட்டுமே 45 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்?

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். கணக்கு டீச்சரிடம் மாட்டிக்கொண்டீர்கள், வேறு வழியில்லை.

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இரண்டு நிமிஷம் என்று வையுங்கள். போகும் பாதையில் ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டது. மற்ற வண்டிகளை எதிர்ப்பாதையில் விட்டு, பழுதான இடத்தைத் தாண்டியதும் திரும்பத் தன் பாதைக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றுப் பாதைகள் எட்டு ஸ்டேஷன் தூரத்துக்கு ஒன்று இருந்தால், அந்த ஒற்றைப் பாதையைக் கடக்க ஒரு வண்டிக்கு 16 நிமிஷம். அது வந்து சேர்ந்தபிறகுதான் எதிர்வண்டி புறப்பட முடியும், அதற்கு இன்னொரு 16. ஒரு திசையில் 32 நிமிஷத்துக்கு ஒரு வண்டி. காலை ஒன்பது மணிக்கு அந்த பிளாட்பாரத்தை நினைத்துப் பாருங்கள். அதே மாற்றுப் பாதை மூன்று ஸ்டேஷனுக்கு ஒன்று இருந்தால்? 6-ம் 6-ம் 12 நிமிஷம். ஜனங்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் ஆபீஸ் போய்ச் சேருவார்கள். (உண்மையில் இரண்டு மூன்று வண்டியைச் சேர்த்து ஒரு பக்கமாக அனுப்புவார்கள், கணக்கு கொஞ்சம் மாறும். எட்டாம் வகுப்புக்கு இது போதும்.)

அந்தத் தண்டவாளம் தினமும் வேலை செய்வதில்லை, வாஸ்தவம். வருஷத்தில் சில நாள்தான் அதன் அருமை தெரியும். கல்யாண வீட்டுப் பெரிய அண்டாவை நாம் எதற்குப் பரணில் வைத்திருக்கிறோம்?

சென்னையிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன், இது தரைக்கு மேலே உள்ளது. 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு–ஆலந்தூர் தொடங்கியது. பணிமனை கோயம்பேட்டில், அதாவது பச்சைப் பாதையில். நீலப் பாதை வண்டிகளும் அந்தப் பணிமனைக்குத்தான் போய்வர வேண்டும். விம்கோ நகரில் இன்னொரு பணிமனை 2022-இல்தான் வந்தது. அதுவரை ஆலந்தூரில் இரண்டு பாதையையும் இணைக்கிற அந்தத் துண்டுத் தண்டவாளம்தான் துணை. அது இருந்ததால்தான் கோயம்பேட்டிலிருந்து விமான நிலையத்துக்கு மாறாமல் நேரே போகும் வண்டியும் விட முடிந்தது. பணிமனைக்காகப் போட்ட இணைப்பு, பெட்டி தூக்கி வரும் ஜனத்துக்கும் உதவியது.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். சென்னை மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர். நம் ரயில்வேயின் அகலப் பாதை 1676. சென்ட்ரலில் இரண்டு ஸ்டேஷனும் பக்கத்தில் இருந்தாலும் இந்த வண்டி அந்தப் பாதையில் ஒரு அடி ஓடாது. 1984-இல் எஸ்பிளனேடில் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவை அகலப் பாதையாகப் போட்டார்கள். சென்னை மெட்ரோ ஒரு தீவு. ஆபத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. தன் வீட்டுக்குள்ளேயே கொல்லை வாசல் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் கென்னிங்டன் கதை. அங்கே 1926-இல், வண்டி திரும்புவதற்கென்றே பூமிக்கு அடியில் ஒரு வளையம் தோண்டினார்கள். பயணிகளை இறக்கிவிட்டுக் காலி வண்டி அந்த வளையத்தில் சுற்றி, மறுபக்கத்து பிளாட்பாரத்துக்கு வந்து நிற்கும். நம்ம ஊர் மாட்டுவண்டி சந்தைத் திடலில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிற மாதிரி. ஆள் இல்லாத வளையம், என் மருமகன் கணக்கில் தண்டம். 2021-இல் பாட்டர்சிக்குப் புதுப் பாதை நீட்டியபோது எங்கிருந்து கிளை பிரித்தார்கள் தெரியுமா? அந்த வளையத்திலிருந்துதான். 95 வருஷம் கழித்து! நியூயார்க்கிலும் அப்படி ஒன்று. 1904-இல் திறந்த சிட்டி ஹால் ஸ்டேஷனை 1945 கடைசியில் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். வளைவாகப் போகும் அந்தத் தண்டவாளத்தை மட்டும் விடவில்லை. இன்றும் காலி வண்டிகள் அதில்தான் சுற்றித் திரும்புகின்றன.

அதற்காக, பாயிண்ட் கூடக் கூட நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவின் மகள் அப்படிச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு நாக்கும் ஒரு கவலை. 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பாகாநாகா பஜாரில் என்ன நடந்தது? சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். கைகாட்டி நேர்ப்பாதைக்குப் பச்சை காட்டியது, பாயிண்ட் பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. சரக்கு வண்டியில் போய் மோதி 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னல் வயரிங்கில் செய்த மாற்றத்தில் தவறு என்று விசாரணையில் வந்தது. நாக்கு ஒன்று சொல்ல, கைகாட்டி வேறொன்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டையும் பூட்டி வைக்கும் ஏற்பாடே உண்டானது. அந்தப் பூட்டையே யாரோ அறியாமல் தளர்த்திவிட்டால்? அடுத்த வருஷம் அக்டோபரில் நம் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் பக்கப் பாதையில் புகுந்து நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

ஆகவே என் மருமகனின் கேள்வியை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. பாயிண்ட் போட்டால் மட்டும் போதாது. அதைத் துடைக்க, எண்ணெய் போட, 5 மில்லிமீட்டர் துண்டு வைத்துச் சோதிக்க ஆள் வேண்டும். சுரங்கத்தில் அந்த வேலை கடைசி வண்டி போனபிறகு நடு ராத்திரியில்தான் நடக்கும், விடியுமுன் முடிக்க வேண்டும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் படம் வருகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பவர் படம் எந்தப் பேப்பரில் வந்திருக்கிறது? என் மாணவர் ஒருவர் ஒரு மெட்ரோவில் அந்த வேலைதான் செய்கிறார். ஊர் பேர் சொல்லவில்லை, அவருக்குச் சங்கடம். “டீச்சர், பொண்ணு பார்க்கப் போன இடத்துல ட்ராக் வேலைன்னு சொன்னேன், மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க” என்றார் போனில். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது பாலத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18. ஏரலில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் கொடிக்கயிறு மாதிரி அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லாரும் பார்த்தீர்கள். வண்டியை ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்ததால்தான் அத்தனை உயிரும் தப்பியது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பாதையில் மறுபடி வண்டி ஓட ஜனவரி ஆகிவிட்டது.

என் அக்கா ஆற்றுக்கு அக்கரையில், குரும்பூர்ப் பக்கம். எழுபத்தெட்டு வயசு, இன்சுலின் போடுகிறவள். மருந்து எப்போதும் என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும், அவள் வீட்டில் கரண்ட் சரியில்லை என்று வாரா வாரம் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த மூன்று நாள் நான் இக்கரை, மருந்து என் கையில், அவள் அக்கரை. பாலத்தில் போக முடியாது. போன் கிடையாது. சாதாரண நாளில் கால் மணி நேரத்தில் போகிற தூரம். மாடியில் நின்று அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் ஒரு பழைய மாணவன் டிராக்டரில் சுற்றிச் சுற்றி எங்கெங்கோ போய்ச் சேர்ந்தான். அவளுக்கு எதிர்வீட்டுப் பெண் தன் மாமியாரின் மருந்தைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதனால் இன்றைக்கும் அக்கா இருக்கிறாள், என்னைத் திட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

அந்த ஆற்றில் இன்னொரு பாலம் இருந்திருந்தால் வருஷத்தில் 360 நாள் அதில் நாலு ஆடுதான் போயிருக்கும். அப்போது என் மருமகனே அதையும் தண்டம் என்றிருப்பான். (அந்த வெள்ளத்துக்கு இரண்டாவது பாலமும் தாங்கியிருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே இடத்தில் இரண்டு கட்டினால் தாங்காது, தள்ளித்தான் கட்ட வேண்டும்.)

நான் கேட்பது இதுதான். மெட்ரோ வரைபடம் என்று அரசாங்கம் வெளியிடுவதில் ஸ்டேஷன் பேர் இருக்கிறது, கலர் இருக்கிறது. எந்தெந்த ஸ்டேஷனில் வண்டி திரும்பலாம், எங்கே ஒதுங்கலாம், ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் எத்தனை ஸ்டேஷன் முடங்கும் என்பதையும் அந்தப் படத்தில் போட வேண்டும். மதுரைக்கும் கோவைக்கும் மெட்ரோ வேண்டும் என்று பேசுகிறவர்கள், எங்கள் தெருவில் ஸ்டேஷன் வருமா என்பதோடு இதையும் கேட்க வேண்டும், அதுவும் தோண்டுவதற்கு முன்னாலேயே. தரையில் போட்ட பாதையில் மறந்துபோன பாயிண்ட்டை அடுத்த வருஷம் சேர்க்கலாம். குடைந்து முடித்த சுரங்கத்தில், மேலே வீடும் ரோடும் இருக்க, ஓடுகிற ரயிலையும் நிறுத்தாமல் சேர்ப்பது லேசில் முடியாது. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று காகிதத்தில் அடிக்கிற ஒரு கோடு நூறு வருஷத்துக்கு அப்படியே நிற்கும்.

தம்பி, இதைப் படித்தால் கோபப்படாதே. பாலம் கேட்டு மனு எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடமும் ஒன்று வாங்கித் தருகிறேன்.

மெட்ரோ, ரயில்வே வேலையில் இருக்கிற என் பிள்ளைகள் யாராவது நான் எழுதியதில் தப்பு இருந்தால் கீழே திருத்துங்கள். தயங்க வேண்டாம், மார்க்கைக் குறைக்க மாட்டேன். பாயிண்ட் பக்கத்தில் எரிகிற அந்தப் பழைய மண்ணெண்ணெய் விளக்கின் போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பேரனுக்குக் காட்ட வேண்டும்.